எங்களுக்குக் குளுக்கோஸ் ஏற்றிப் பார்க்கிறவர்களுக்கு: வந்த எண்ணை எங்களிடமும் சொல்லுங்கள்

வணக்கம்.

நரம்பில் குளுக்கோஸைச் செலுத்தி, உடம்பு அதை எப்படிச் சமாளிக்கிறது என்று அளந்து பார்க்கும் ஆய்வுகளை வடிவமைப்பவர்கள், நடத்துபவர்கள், அவற்றின் ஒப்புதல் படிவத்தைப் படித்து அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழுவினர் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எனக்குச் சர்க்கரை நோய் இல்லை. என் தங்கைக்கு முதல் வகை இருக்கிறது. அதனால்தான் உங்கள் பட்டியலில் என் பெயர் ஏறியது, நானும் மனப்பூர்வமாகவே வந்தேன். இனிமேலும் வருவேன். அதனால் இதை யாரும் கோபக் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அங்கங்கே கொஞ்சம் சூடு இருக்கும் என்றாலும்.

விஷயம் இதுதான். நீங்கள் கொடுக்கும் படிவத்தில் ஊசி குத்தினால் வலிக்கும், அந்த இடம் நீலம் பாய்ந்து போகலாம், என் பெயர் ரகசியமாக வைக்கப்படும், மாதிரிகள் இத்தனை வருடம் உறைபெட்டியில் இருக்கும் என்றெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. ஆனால் என் உடம்பிலிருந்து கடைசியில் என்ன எண் வரப்போகிறது, அதற்கு என்ன அர்த்தம், அது எனக்குத் தரப்படுமா இல்லையா என்பதற்கு ஒரு வரி கூட இல்லை. பிறகு போன் செய்து கேட்டால், "எல்லாம் நார்மல்தான், கவலைப்படாதீங்க" என்கிறார்கள். எது நார்மல்? குளுக்கோஸ் ஏறியவுடன் சுரக்கும் முதல் கட்ட இன்சுலினா, உடம்பு இன்சுலினுக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்ற இன்சுலின் உணர்திறனா, குளுக்கோஸ் இறங்கிய வேகமா, இல்லை வெறும் வயிற்றில் முதலில் எடுத்த சர்க்கரை அளவு மட்டுமா? கடைசியில் சொன்னது மட்டும்தான் என்றால் அதை ஒரு சாதாரண லேபிலேயே பார்த்துக்கொள்ளலாமே, அதற்கு ஏன் இரண்டு கையிலும் கேனுலா போட்டு மூன்று மணி நேரம் படுக்க வைத்தீர்கள்?

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கும் "சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்கும்" சோதனைதான் தெரியும். அதில் 75 கிராம் குளுக்கோஸை வாய் வழியாகக் கொடுக்கிறார்கள். இது வேறு. இதில் குளுக்கோஸ் நேராக ரத்தத்துக்குள் போகிறது, ஒரு கிலோ எடைக்கு 0.3 கிராம் கணக்கில், ஒன்றிரண்டு நிமிடத்துக்குள். 70 கிலோ எடை உள்ளவருக்கு 21 கிராம். சில ஆய்வுகளில் கிலோவுக்கு 0.5 கிராம், அதிகபட்சம் 35 கிராம், 3 நிமிடத்தில். ஒரு ஆளின் ரத்தத்தில் சாதாரணமாக ஓடிக்கொண்டிருக்கும் குளுக்கோஸ் எல்லாம் சேர்த்தே ஏறக்குறைய 5 கிராம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய தள்ளு என்று புரியும். சொட்டுச் சொட்டாக ஏற்றும் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் 5 சதவீதக் கரைசல். இங்கே ஊசியில் இருப்பது 25 அல்லது 50 சதவீதம். ஒரு கையில் அதைச் செலுத்திவிட்டு, மறு கையிலிருந்து முதல் சில நிமிடங்கள் மூச்சுவிட நேரமில்லாமல் ரத்தம் எடுப்பார்கள், அப்புறம் இடைவெளி விட்டு விட்டு. முழு அளவில் செய்தால் முப்பது மாதிரி வரை போகும். ஒவ்வொன்றும் 3 மில்லி என்று வைத்தால் 90 மில்லி ரத்தம்.

சரி, வாய் வழியாகக் கொடுத்தால் போதாதா, ஏன் இந்தப் பாடு? இதற்கு உங்களிடம் நல்ல பதில் இருக்கிறது, அதையே நீங்கள் யாருக்கும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். குடலைத் தாண்டிப் போகும் குளுக்கோஸுக்கும் நேராக ரத்தத்தில் போகும் குளுக்கோஸுக்கும் கணையம் ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை. 1964லேயே இதைக் காட்டிவிட்டார்கள்: ரத்தச் சர்க்கரை ஏறுவது ஒரே அளவாக இருந்தாலும், வாயால் சாப்பிட்ட குளுக்கோஸுக்குத்தான் இன்சுலின் அதிகமாகச் சுரக்கிறது. குடலிலிருந்து வரும் ஹார்மோன்கள், ஜிஐபி, ஜிஎல்பி-1 என்று இன்று எல்லோர் வாயிலும் அடிபடுகிறதே அவைதான், கணையத்தை முன்கூட்டியே தட்டி எழுப்புகின்றன. ஆரோக்கியமான ஒருவருக்குச் சாப்பிட்ட பிறகு சுரக்கும் இன்சுலினில் பாதியோ அதற்கு மேலோ இவற்றின் புண்ணியத்தில் வருவது. அப்புறம் வயிறு எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்பது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அந்த 75 கிராம் கரைசல் குடலுக்குள் ஒரேயடியாக இறங்கிப் படபடப்பும் மயக்கமும் வந்துவிடும், அந்தச் சோதனையில் வரும் எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இந்தக் குழப்பங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்லுக்கு நேராகக் குளுக்கோஸைக் காட்டி "இப்போது என்ன செய்கிறாய்" என்று கேட்பதுதான் இந்தப் பரிசோதனை. இதைப் படிவத்தில் நாலு வரியில் எழுதியிருந்தால் எங்களுக்குப் புரியாமலா போகும்?

பீட்டா செல் சொல்லும் பதில் இரண்டு கட்டமாக வருகிறது. குளுக்கோஸ் உள்ளே போன ஓரிரு நிமிடத்தில் இன்சுலின் சட்டென்று எகிறி, 3லிருந்து 5 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, 10 நிமிடத்துக்குள் இறங்கிவிடும். இது முதல் கட்டம். அதன் பிறகு சர்க்கரை அதிகமாக இருக்கும்வரை மெதுவாக வந்துகொண்டே இருப்பது இரண்டாம் கட்டம். கடை திறந்தவுடன் மேசைமேல் எடுத்து வைத்த சரக்கு முதலில் போய்விடும், அடுத்ததை உள்ளே கிடங்கிலிருந்து கொண்டுவர வேண்டும் இல்லையா, அப்படித்தான்; செல்லின் சுவரை ஒட்டித் தயாராக நிற்கும் இன்சுலின் துகள்கள்தான் முதலில் வெளியே கொட்டப்படுகின்றன. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் முதலில் காணாமல் போவது இந்த முதல் கட்டம்தான். 1976ல் வந்த ஒரு ஆய்வில், வெறும் வயிற்றுச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 115 மில்லிகிராமைத் தாண்டியவர்களிடம், நரம்பு வழிக் குளுக்கோஸுக்கு இந்த உடனடிப் பதிலே இல்லை என்று கண்டார்கள். இன்று நோய் என்று சொல்லும் கோடு 126. அதாவது ஒருவருக்கு "இன்னும் சர்க்கரை நோய் இல்லை" என்று சொல்லும் காலத்திலேயே முதல் கட்டம் அடங்கிப் போயிருக்கலாம். முதல் வகையிலும், உடம்பு தன் பீட்டா செல்லையே எதிர்ப்பதைக் காட்டும் ஆன்டிபாடிகள் ரத்தத்தில் வந்து, சர்க்கரை இன்னும் ஏறாமல் இருக்கும் காலத்திலேயே இது தேயத் தொடங்குகிறது.

இப்படிப்பட்ட ஒரு எண்ணைத்தான் என் உடம்பிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு "நார்மல்" என்கிறீர்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எண் கிடைத்தவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். முதல் கட்ட இன்சுலின் குறைவாக இருந்தாலே ஆபத்து என்று அர்த்தம் இல்லை. நன்றாக ஓடியாடி உடற்பயிற்சி செய்பவருக்குத் தசைகள் கொஞ்சம் இன்சுலினுக்கே நன்றாகக் கேட்கும், அதனால் கணையம் கொஞ்சமாகவே சுரக்கும். இரண்டும் பொருந்திப் போகின்றன. 1979ல் ரிச்சர்ட் பெர்க்மனும் கிளாடியோ கோபெல்லியும் அவர்களுடைய சகாக்களும் கொண்டுவந்த குறைந்தபட்ச மாதிரி, அதாவது சில சமன்பாடுகள் மட்டும் கொண்ட ஒரு கணித மாதிரி, இந்த மூன்று மணி நேரக் குளுக்கோஸ், இன்சுலின் அளவுகளிலிருந்து இன்சுலின் உணர்திறனைக் கணக்கிட வழி செய்தது. 1981ல் அவர்களே ஒரு படி மேலே போய், உணர்திறனையும் முதல் கட்ட இன்சுலினையும் பெருக்கினால் வரும் எண்தான் கணையத்தின் உண்மையான நிலையைக் காட்டுகிறது என்றார்கள். உணர்திறன் பாதியானால் இன்சுலின் இரட்டிப்பாக வேண்டும், அப்போது பெருக்குத்தொகை மாறாது. உடல் எடை கூடிய ஒருவருக்கு இன்சுலின் தாராளமாகச் சுரந்துகொண்டிருக்கும், பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் அவருடைய உணர்திறன் விழுந்த அளவுக்கு அது ஏறவில்லை என்றால் பெருக்குத்தொகை சரிந்துகொண்டிருக்கிறது என்றுதான் பொருள். ஆகவே ஒற்றை எண்ணைத் தந்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். இரண்டையும் தாருங்கள், பெருக்கியும் தாருங்கள். அப்போதுதான் ஓட்டக்காரர் பயப்பட மாட்டார், எடை கூடியவர் ஏமாறவும் மாட்டார்.

இதற்கெல்லாம் உங்கள் தரப்பில் வழக்கமாக வரும் பதில், "இது ஆராய்ச்சிக்கான சோதனை, நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை இல்லை." உண்மைதான். சர்க்கரை நோய் இருக்கிறதா என்று முடிவு செய்ய வெறும் வயிற்றில் 126, வாய்வழிக் குளுக்கோஸுக்குப் பிறகு இரண்டு மணி நேரத்தில் 200, அல்லது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதம் என்பவைதான் கோடுகள், நரம்பு வழிச் சோதனைக்கு அப்படி ஒரு கோடு கிடையாது. அதைத்தான் எழுதிக் கொடுங்கள் என்கிறேன். "இது நோயைச் சொல்லும் சோதனை இல்லை, இதில் நல்ல எண் வந்தாலும் வழக்கமான பரிசோதனைகளை விட்டுவிடக் கூடாது" என்று தாளில் இருந்தால் போதுமே. நீங்கள் வாயால் "நார்மல்" என்று சொல்லி அனுப்பியதால், ஆய்வுக்கு வந்த சிலர், என்னிடமே சொன்னவர்கள், இனி ஹெச்பிஏ1சி பார்க்கத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எண்ணைக் கொடுத்தால் தவறாகப் புரிந்துகொள்வோம் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள், கொடுக்காமல் இருந்தபோதே தவறாகப் புரிந்துகொண்டாயிற்று.

இரண்டாவது பதில், "ஒரே ஆளுக்கே இன்று ஒரு எண், அடுத்த வாரம் வேறு எண் வரும்." அதுவும் சரி. முதல் கட்ட இன்சுலின் கொஞ்சம் அலைபாயும் எண்தான், வயதைப் பொறுத்தும் மாறும், அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கோடு போடாமல் அவரவர் வயதுக்காரர்களோடு ஒப்பிட்டு, கடைசிப் பத்து சதவீதத்தில் வருகிறாரா என்று பார்ப்பார்கள். அப்படியானால் குறைவாக வந்தவரை இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்த்து உறுதி செய்யுங்கள். அலைபாயும் என்பது மறைத்து வைக்கக் காரணம் ஆகாது.

மூன்றாவது பதில்தான் கொஞ்சம் கனமானது: "தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? வீண் கவலைதானே." ஒரு காலத்தில் இதில் பாதி நியாயம் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். 2002ல் முடிவு வெளியான பெரிய தடுப்பு ஆய்வையே எடுத்துக்கொள்வோம். முதல் வகை நோயாளிகளின் உறவினர்கள் 84,000க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். ஆன்டிபாடி இருந்து, நரம்பு வழிச் சோதனையில் முதல் கட்டமும் குறைந்தோ, வாய்வழிச் சோதனையில் கோளாறு தெரிந்தோ இருந்தால், ஐந்து ஆண்டுகளில் நோய் வர 50 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்று கணித்தார்கள். அப்படி வடிகட்டிய 339 பேரில் பாதிப் பேருக்கு முன்கூட்டியே இன்சுலின் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை, நோய் தள்ளிப்போகவில்லை. ஆபத்து யாருக்கு என்று கணித்தது மட்டும் ஓரளவு சரியாகவே இருந்தது. அந்தக் காலத்தில் "உனக்கு வரப்போகிறது, ஆனால் செய்ய ஒன்றும் இல்லை" என்று சொல்வது கொடுமை என்று நினைத்திருந்தால் எனக்குப் புரிகிறது.

இப்போது அப்படி இல்லையே. 2019ல் வந்த ஆய்வில், ஆன்டிபாடியும் சர்க்கரைக் கோளாறும் உள்ள உறவினர்களுக்கு டெப்லிசுமாப் மருந்தை 14 நாள் கொடுத்ததில் நோய் வருவது சராசரியாக இரண்டு ஆண்டு தள்ளிப்போனது. 2022 நவம்பரில் அமெரிக்காவில் அதற்கு அனுமதியும் கிடைத்துவிட்டது. யாருக்குக் கொடுப்பது என்பதை வாய்வழிச் சோதனையை வைத்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்பது வேறு விஷயம், ஆனால் ஆன்டிபாடி உள்ள ஒருவருக்கு முதல் கட்டம் குறைந்திருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த வாய்வழிச் சோதனையைத் தள்ளிப் போடாமல் சீக்கிரம் செய்யலாம் இல்லையா? மருந்து கிடைக்கவே கிடைக்காத இடத்தில் இருப்பவருக்கும்கூட, முன்கூட்டியே கண்காணிப்பில் இருப்பவர்கள், இன்சுலின் இல்லாமல் ரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்தாகும் கீட்டோஅமிலத்தன்மையோடு அவசரப் பிரிவுக்கு வந்து சேர்வது குறைவு என்பது பல நாடுகளில் தெரிந்த உண்மை. என் தங்கைக்கு நோய் தெரிய வந்தது அப்படி அவசரப் பிரிவில்தான். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

தெரிந்துகொள்ள வேண்டாம் என்பவர்களும் இருப்பார்கள், அவர்களைக் கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை. படிவத்தில் இரண்டு கட்டம் போடுங்கள், "முடிவு எனக்கு வேண்டும்", "வேண்டாம்", ஆளே டிக் செய்யட்டும். பிறகு மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம் என்றும் எழுதுங்கள். குழந்தைகள் விஷயத்தில் பெற்றோரிடம் கேளுங்கள், விவரம் தெரிந்த வயதுப் பிள்ளை என்றால் பிள்ளையிடமும் கேளுங்கள்.

அப்புறம் சோதனை நாளைப் பற்றி. எங்களிடம் காரணத்தைச் சொல்லாமல் விதியை மட்டும் சொல்வதால் உங்கள் எண்களே கெட்டுப் போகின்றன என்று நான் நினைக்கிறேன். உதாரணத்துக்கு, மூன்று நாள் முன்பிருந்து தினமும் குறைந்தது 150 கிராம் மாவுச்சத்து சாப்பிட வேண்டும் என்பது. சர்க்கரைச் சோதனை என்று காதில் விழுந்ததும் ஆட்கள் செய்யும் முதல் காரியம் மாவுச்சத்தைக் குறைப்பதுதான், நல்ல முடிவு வரட்டும் என்று. நடப்பது நேர் எதிர். சில நாள் மாவுச்சத்தே இல்லாமல் இருந்த உடம்பு திடீரென்று வரும் குளுக்கோஸைச் சரியாகக் கையாளாது, ஆரோக்கியமானவருக்கே எண் மோசமாக வரும். "வழக்கம்போல் சாப்பிடவும்" என்ற ஒரே வரியை வைத்து இதை யார் கண்டுபிடிப்பார்கள்? அதிலும் இப்போது வழக்கமே மாவுச்சத்தை ஒதுக்குவது என்று இருப்பவர்கள் எத்தனை பேர்! முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை விழுங்குபவர்களிடம் அதைக் கேட்கவே மாட்டேன் என்கிறார்கள், அது சில இன்சுலின் அளவீட்டு முறைகளையே குழப்பிவிடும் என்று உங்கள் ஆய்வகத்துக்குத் தெரியும். முதல் நாள் கடும் உடற்பயிற்சி கூடாது என்பதும் அப்படித்தான், காரணம் சொன்னால் யாரும் மீற மாட்டார்கள்.

மாதிரி எடுக்கும் கையைச் சூடான பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். ஏதோ ரத்தம் சுலபமாக வரத்தான் என்று பக்கத்துப் படுக்கைக்காரர் நினைத்தார், அவரிடம் யாரும் வேறு எதுவும் சொல்லவும் இல்லை. தசை வழியாகத் திரும்பி வரும் ரத்தத்தில் குளுக்கோஸ் கொஞ்சம் குறைந்திருக்கும், கையைச் சூடாக்கினால் ரத்தம் வேகமாகச் சுற்றி, சிரை ரத்தமே தமனி ரத்தம் போல ஆகிவிடும், அதற்காகத்தான் என்று சொல்ல அரை நிமிடம் போதும். தெரிந்திருந்தால் அரிக்கிறது என்று நடுவில் கையை வெளியே எடுத்திருக்க மாட்டார்.

உங்கள் பக்கமும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். 3வது நிமிட மாதிரி என்று குழாயில் ஒட்டியிருந்தது, எடுத்தபோது 4 ஆகிவிட்டிருந்தது, யாரும் குறித்துக்கொள்ளவில்லை. நிமிடத்துக்கு நிமிடம் இன்சுலின் எகிறி விழும் இடத்தில் அது சின்ன விஷயமா? தாமதம் ஆகட்டும், மனிதர்கள்தானே, ஆனால் உண்மையில் எடுத்த நேரத்தை எழுதுங்கள், கணக்கில் அதைப் போட்டுக்கொள்ளலாம். குழாய்களை மேசையில் கிடத்திவிட்டு மொத்தமாக எடுத்துப் போவதும் கண்ணில் பட்டது. பிரிக்காத ரத்தத்தில் செல்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும், அறை வெப்பத்தில் மணிக்கு 5லிருந்து 7 சதவீதம் வரை குறையும், ஃப்ளூரைடு குழாய் என்றாலும் முதல் ஒரு மணி நேரத்துக்கு அது பெரிதாகத் தடுக்காது. இன்சுலினோ, சிவப்பணு உடைந்துவிட்டால் அதிலிருந்து வரும் நொதியே அதைச் சிதைத்துவிடும். பனிக்கட்டியில் வைத்து உடனே சுழற்றிப் பிரிக்க வேண்டும் என்று உங்கள் ஆய்வின் செய்முறை ஆவணத்தில் கட்டாயம் இருக்கும். நான் ரத்தம் கொடுத்தது அந்த ஆவணத்தை நம்பித்தான்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. 20வது நிமிடத்தில் இன்னொரு ஊசி போட்டார்கள். என்ன என்று கேட்டபோது "சோதனையோட பகுதிதான்" என்று பதில். அது இன்சுலின். படிவத்தில் பதினோராவது பக்கத்தில் ஒரு சுருக்கெழுத்துக்குள் ஒளிந்திருந்தது என்று பிறகு பார்த்தேன். ஏன் போடுகிறார்கள் என்பது புரியாத விஷயம் ஒன்றும் இல்லை: கணையம் பலவீனமானவர்களுக்குச் சொந்த இன்சுலின் போதுமான அளவு எகிறாது, எகிறாவிட்டால் உணர்திறனைக் கணக்கிட அந்தக் கணித மாதிரிக்குப் பிடிமானம் கிடைக்காது, அதனால் வெளியிலிருந்து கொஞ்சம் கொடுத்து ஒரு அலையை உண்டாக்குகிறார்கள். முன்பு டோல்புட்டமைடு என்ற மருந்தைக் கொடுத்துக் கணையத்தையே தூண்டிப் பார்த்தார்கள், கணையமே வேலை செய்யாதவர்களுக்கு அது உதவாது என்பதால் இன்சுலின் வந்தது. இவ்வளவுதான். ஆனால் இன்சுலின் என்றால் அதற்குப் பிறகு சர்க்கரை தாழ்ந்து போகலாம், வியர்க்கலாம், கை நடுங்கலாம், வண்டி ஓட்டக் கூடாது. இதை முன்னாலேயே, வாயால், புரியும்படி சொல்லாமல் ஒருவருக்கு இன்சுலின் போடுவது எந்த நெறிமுறைக் குழுவுக்கும் சம்மதமாக இருக்கக் கூடாது. 50 சதவீதக் குளுக்கோஸ் நரம்பில் ஏறும்போது எரியும், உடம்பு முழுக்கச் சூடு பரவுவது போல இருக்கும், ஊசி விலகித் திசுக்குள் கசிந்தால் அந்த இடம் புண்ணாகி அழுகவும் கூடும், ஆகவே எரிச்சல் அதிகமானால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லுங்கள் என்பதும் அப்படியே. நம் ஆட்கள் ஊசி என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளப் பழகியவர்கள், நீங்களாகச் சொல்லாவிட்டால் சொல்ல மாட்டார்கள்.

சரி, நான் கேட்கும் தாள் எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன், ஒரே பக்கம் போதும். எவ்வளவு குளுக்கோஸ், எத்தனை நிமிடத்தில், இடையில் இன்சுலின் கொடுத்தார்களா என்பது முதலில் இருக்கட்டும், ஏனென்றால் 0.3 கிராம் சோதனையின் எண்ணையும் 0.5 கிராம் சோதனையின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. முதல் கட்ட இன்சுலின் எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதும் முக்கியம். சிலர் 1வது, 3வது நிமிட அளவுகளைக் கூட்டுகிறார்கள், சிலர் 2லிருந்து 10 நிமிடம் வரை அடிப்படை அளவுக்கு மேலே எவ்வளவு என்று பார்க்கிறார்கள், இரண்டும் ஒன்றல்ல. இன்சுலினை மைக்ரோ யூனிட்டில் சொல்கிறீர்களா பிக்கோமோலில் சொல்கிறீர்களா என்று எழுதுங்கள், ஏறக்குறைய ஆறு மடங்கு வித்தியாசம், இதைக் கவனிக்காமல் எத்தனை பேர் தூக்கத்தைத் தொலைப்பார்களோ. எந்த அளவீட்டு முறை என்பதும் வேண்டும், ஒரு ஆய்வகத்தின் இன்சுலின் எண் இன்னொன்றின் எண்ணோடு ஒத்துப்போவதில்லை என்பதால். இன்சுலினோடு சேர்ந்தே கணையத்திலிருந்து வெளிவரும் சி-பெப்டைடைப் பார்த்திருந்தால் அதையும் தாருங்கள், இன்சுலினில் பாதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொள்கிறது, சி-பெப்டைடை அப்படி எடுப்பதில்லை, கணையம் எவ்வளவு சுரந்தது என்பதற்கு அதுதான் நல்ல சாட்சி.

குளுக்கோஸ் இறங்கிய வேகம் என்று பழைய எண் ஒன்று இருக்கிறதே, கே மதிப்பு, இன்சுலினை அளக்கவே வழியில்லாத காலத்திலிருந்து வருவது, அதையும் போடுங்கள். யாலோ, பெர்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1960ல் இன்சுலினை அளக்கும் முறையைக் கொண்டுவரும்வரை இந்தச் சோதனையில் கையில் கிடைத்தது அது ஒன்றுதான். சாமானியர்களுக்குப் புரிவதும் அதுதான்: நிமிடத்துக்கு 1.5 சதவீதம் என்றால் ஏறக்குறைய 46 நிமிடத்தில் பாதியாகிறது, 1க்குக் கீழே போனால் உடம்பு மெதுவாக அகற்றுகிறது. உணர்திறன், பெருக்குத்தொகை, உங்கள் ஆய்வில் என் வயதுக்காரர்களுக்கு வந்த எல்லை, அதற்குள் நான் எங்கே இருக்கிறேன். கடைசியில், இந்த எண்ணோடு நான் யாரைப் பார்க்க வேண்டும், அடுத்து என்ன சோதனை, எப்போது. ஆய்வின் மொத்த முடிவு வெளியாகும்போது எங்கள் மொழியில் ஒரு சுருக்கம் அனுப்பினால் மகிழ்ச்சி, ஆனால் அது என் தாளுக்கு மாற்று இல்லை.

இதற்கு வேலை அதிகம், ஆள் இல்லை என்பீர்கள். முப்பது மாதிரிகளை அளந்து கணினியில் ஏற்றிக் கணித மாதிரியை ஓடவிட்டு உணர்திறனைக் கண்டுபிடிக்கும் வேலையை ஏற்கெனவே செய்துவிட்டீர்கள். மீதி இருப்பது அந்த விடையை ஒரு தாளில் அச்சடிப்பதும், புரியாதவருக்கு விளக்க ஒருவர் பத்து நிமிடம் உட்காருவதும்தான்.

நெறிமுறைக் குழுவினருக்குத் தனியாக ஒன்று. படிவத்தில் "முடிவு தரப்படாது" என்று இருந்தால் ஏன் தரப்படாது என்று கேளுங்கள், பதில் சரியாக இல்லாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். அந்த அதிகாரம் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது, எங்களிடம் இல்லை. வர மாட்டேன் என்று சொல்வது மட்டும்தான் எங்களால் முடிந்தது, தங்கைக்கு இந்த நோய் இருக்கும் ஒருவரால் அதையும் சுலபமாகச் சொல்ல முடியாது.

இந்த மடலுக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டியதில்லை. அடுத்த அழைப்பு அனுப்பும்போது புதிய ஒப்புதல் படிவத்தையும் சேர்த்து அனுப்புங்கள். முடிவுத்தாள் பற்றிய பத்தி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, எனக்குத் தோதான தேதியைச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆய்வில் ஒரு எண்ணாக மட்டும் இருப்பவர்